மானியத்துடனான மாணவர் பயிலுனரும் சிறு வியாபாரமும்

கல்வி கற்கும் காலத்தில் ஒரு நிறுவனத்தில் குறித்த காலத்துக்குத் தொழில் பழகும் மாணவர், மாணவர் பயிலுனர் எனப்படுவார். அவரது கொடுப்பனவில் ஒரு பகுதியை அரசாங்கம் ஏற்கும்போது அது மானியத்துடனான பயிற்சி ஆகும்.

உதாரணமாக, கனடாவின் கோடைகால வேலைத்திட்டத்தின் கீழ், 50 அல்லது அதற்குக் குறைந்த முழுநேர ஊழியரைக் கொண்ட தனியார் நிறுவனங்கள் மாணவர் உட்பட 15 – 30 வயதினரைச் சேர்த்துக்கொள்ளலாம். மாகாணத்தின் ஆகக்குறைந்த மணித்தியாலச் சம்பளத்தில் பொதுவாக 50% வரை மானியம் கிடைக்கும். இலங்கையில் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை, பயிலுனரை நிறுவனங்களில் இணைத்துப் பயிற்சியளிக்கிறது. இச்சபை 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது.

சிறு வியாபாரம் பெறும் நன்மைகள்:

1. ஊழியச் செலவு குறைதல்.
2. இருப்புக் கணக்கெடுப்பு, கணினிப் பதிவு போன்று பிற்போடப்பட்ட வேலைகள் நிறைவேறல்.
3. புதிய தொழினுட்ப அறிவு கிடைத்தல்.
4. நிரந்தரமாக ஆட்சேர்ப்புச் செய்யமுன் ஒருவரின் திறமையை நேரில் அறிதல்.

எனினும் பயிலுனர் மலிவான கூலியாள் அல்லர். அவருக்குக் கற்பிக்க உரிமையாளர் செலவிடும் நேரமும் ஒரு செலவாகும். மாதக் கொடுப்பனவு ரூபா 30,000, மானியம் 50% எனக் கொள்வோம்.

நிறுவனம் செலுத்துவது: ரூபா 15,000
கற்பிக்கும் நேரத்தின் பெறுமதி: ரூபா 10,000
மொத்தச் செலவு: ரூபா 25,000

பயிலுனர் செய்யும் வேலையின் பெறுமதி இத்தொகையை விஞ்சினால் மட்டுமே நிறுவனத்துக்கு நன்மை உண்டு. அவரைத் தேநீர் வாங்கவும் கடை கூட்டவும் மட்டும் வைத்திருந்தால் உரிமையாளருக்கும் பயனில்லை, மாணவரும் தொழில் பழகார்.

கவனிக்க: விடையில் நன்மையை மட்டும் குறிப்பிடாது, அது ஏற்படும் காரணத்தையும் சேர்த்து எழுதுக.