ஆளில்லாத மேசையின் மறுமொழி

பொங்கலுக்கு ஊருக்குப் புறப்படும்போது நாம் எத்தனையோ ஏற்பாடுகளைச் செய்கிறோம். முன்பதிவு தொடங்கும் நாளிலேயே ரயிலில் இடம் பிடிக்கிறோம். பால்காரரிடம் ஒரு வாரத்திற்குப் பால் வேண்டாமென்று சொல்லி வைக்கிறோம். மாடத்திலுள்ள துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுமாறு அண்டை வீட்டாரை வேண்டிக்கொள்கிறோம். இவை யாவும் முடிந்த பின், அலுவலகத்தை விட்டு வெளியேறும் கடைசி ஐந்து நிமிடத்தில், கணிப்பொறியின் முன் அமர்ந்து, நாம் இல்லாத நாட்களில் வரும் மின்னஞ்சல்களுக்குத் தானாகவே செல்லவேண்டிய மறுமொழியை அவசரமாக எழுதி வைக்கிறோம். துளசிச் செடிக்குக் கொடுத்த கவனத்தில் பாதியைக்கூட அதற்கு நாம் கொடுப்பதில்லை.

ஆயினும் அந்த ஒரு வாரமும் நமக்காகப் பேசப்போவது அந்த நான்கு வரிகளே. டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பணிபுரியும் நம்மை நேரில் கண்டிராத பலர், அவ்வரிகளைக் கொண்டே நம்மை மதிப்பிடுகிறார்கள். வறண்ட வாசகமாயின் 'இவர் ஓர் இயந்திரம்' என்று எண்ணுகிறார்கள். வரம்பு மீறிய வேடிக்கையாயின் 'இவரை நம்பி வேலையைக் கொடுக்கலாமா?' என்று ஐயுறுகிறார்கள். இவ்விரண்டிற்கும் நடுவே, நகையுணர்வும் பொறுப்புணர்வும் ஒருங்கே விளங்க அம்மறுமொழியை எழுதுவது எவ்வாறு என்பதை இங்கு ஆராய்வோம்.

முதலில் இந்த ஏற்பாட்டின் வரலாற்றைச் சிறிது அறிவது நன்று. அமெரிக்காவில் பெர்க்கிலி நகரில், எரிக் ஆல்மன் என்னும் கணிப்பொறி அறிஞர், 1983-ஆம் ஆண்டளவில் இதற்கென ஒரு சிறு நிரலை எழுதினார். அதன் பெயரே 'வெக்கேஷன்', அதாவது விடுமுறை. வரும் அஞ்சலைப் பார்த்து, அனுப்பியவருக்கு, 'அவர் ஊரில் இல்லை' என்று அறிவிப்பதே அதன் பணி. ஒருவருக்கு ஒரு முறை மறுமொழி கூறிவிட்டால், ஒரு வாரம் வரை அவருக்கு மீண்டும் கூறாது. அக்கட்டுப்பாடு இல்லையேல் என்ன நேரும்? விடுப்பிலிருக்கும் ஒருவரின் இயந்திரம் விடுப்பிலிருக்கும் மற்றொருவரின் இயந்திரத்திற்கு மறுமொழி அனுப்ப, அது இதற்கு மறுமொழி அனுப்ப, உரியவர்கள் இருவரும் ஊரில் உறங்கிக்கொண்டிருக்க, இயந்திரங்கள் மட்டும் விடிய விடிய உபசாரம் பேசிக்கொண்டிருக்கும்! இதனைத் தடுப்பதற்கான நெறிகளை, இணையப் பொறியியல் பணிக்குழு 2004-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், 3834 என்னும் எண்ணுள்ள ஆவணமாக வெளியிட்டது. ஒரே மனிதருக்கு அதே மறுமொழியைச் சில நாட்களுக்குள் மீண்டும் அனுப்பலாகாது என்பதும், 7 நாள் இடைவெளி தக்கது என்பதும் அந்நெறிகளுள் அடங்கும்.

இயந்திரம் இவ்வளவு கற்றுக்கொண்டது. ஆனால் ஒன்றை மட்டும் அது கற்கவில்லை. தான் யாரிடம் பேசுகிறோம் என்பதை அது அறியாது. நாம் நகைச்சுவை பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறோம். முகம் வாடியிருந்தால் வேடிக்கையை விழுங்கிவிட்டு, 'என்ன செய்தி?' என்று கேட்கிறோம். திருவள்ளுவர் 'சொல்வன்மை'யை 65-ஆம் அதிகாரமாகவும், 'அவையறித'லை 72-ஆம் அதிகாரமாகவும் தனித்தனியே வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. சொல்லத் தெரிவது ஒரு திறம். யார்முன் சொல்கிறோம் என்று அறிவது வேறொரு திறம். தானியங்கும் மறுமொழிக்கு நாம் முதலாவதை மட்டுமே கொடுக்க முடியும். ஆதலின், இரண்டாவது திறத்தின் குறையை, எழுதும்போதே நாம் ஈடுசெய்து வைக்கவேண்டும். இக்கலையின் அடிப்படை இதுவே.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் ஒருவர், 'நான் இப்போது கடற்கரையில் இளநீர் அருந்திக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தை எப்போது படிப்பேன் என்பது அலைகளுக்கே தெரியும்' என்று எழுதி வைத்துப் புறப்பட்டுவிட்டார் எனக் கொள்வோம். அவருடைய நண்பர்கள் அதைப் படித்துச் சிரிப்பார்கள். ஆனால் அதே நாளில், தந்தையை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, சிகிச்சைச் செலவுக்கான ஒப்புதலை வேண்டி ஒருவர் அவருக்கு எழுதுகிறார். அவருக்கும் அதே அலைகளின் செய்தியே கிடைக்கிறது. அவர் அறிய விரும்பியது ஒன்றே ஒன்று: 'இப்போது நான் யாரைக் கேட்பது?' அவ்வினாவுக்கு அங்கே விடையில்லை. அவருடைய காத்திருப்பையே கேலிப்பொருளாக்கிய வேடிக்கை மட்டும் இருக்கிறது. எழுதியவர் கல்நெஞ்சர் அல்லர். அந்த முகத்தை அவர் கண்டிலர், அவ்வளவே.

எனவே முதல் விதி, செய்தி முன்னும் நகை பின்னும் நிற்கவேண்டும் என்பது. செய்தி என்பது மூன்று உறுப்புகளை உடையது. எந்த நாள் முதல் எந்த நாள் வரை நாம் இல்லை என்பது ஒன்று. எந்நாளில் திரும்புவோம் என்பது இரண்டு. அதுவரை யாரை, எந்த முகவரியில் அணுகுவது என்பது மூன்று. 'அடுத்த வாரம்', 'விழா முடிந்தபின்' என்று எழுதுதல் ஆகாது. நம் பொங்கல் நாள் மற்ற மாநிலத்தாருக்கு மகர சங்கராந்தி. பஞ்சாபியருக்கு அதற்கு முந்தின நாள் லோஹ்ரி. அசாமியருக்கு மாக் பிஹு. எவர் விழா, எப்போது முடிந்தது என்று அவர் கணக்கிட்டுக்கொண்டிருக்க முடியாது. நாளையும் திங்களையும் தெளிவாகக் குறிப்பதே முறை. நமக்குப் பதிலாக ஒருவரைக் குறிப்பிடுமுன் அவருடைய இசைவைப் பெறுவதும் இன்றியமையாதது.

இரண்டாவது விதி, வேடிக்கை நம்மைப் பற்றியதாக இருக்கவேண்டும்; படிப்பவரைப் பற்றியதாக இருத்தலாகாது. நம்முடைய மறதி, நம்முடைய கைப்பேசி, நாம் உண்ணப்போகும் உணவு ஆகியவை தக்க பொருள்கள். மேலதிகாரி, உடன்பணிபுரிவோர், பிறர் மொழி, பிறர் சமயம், வேலையின் தாமதம் ஆகியவை தகாத பொருள்கள். நம்மை நாமே நகைத்துக்கொள்ளும்போது எவரும் புண்படார்.

மூன்றாவது விதி, நம்மைப் போல் வேற்று மாநிலங்களில் வாழ்வோர் சிறப்பாகக் கருதவேண்டியது: நகை, மொழியெல்லையைத் தாண்டக்கூடியதாக இருக்கவேண்டும். 'திரும்பி வந்ததும் உங்கள் அனைவருக்கும் அல்வா கொடுப்பேன்' என்று திருநெல்வேலிக்காரர் ஒருவர் எழுதினால், தமிழர் அதன் உட்பொருளை உணர்ந்து, 'ஏமாற்றப் போகிறார்' என்று சிரிப்பர். லக்னோ நண்பரோ அதனை ஓர் இனிய வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டு, அவர் திரும்பும் நாளை ஆவலோடு எதிர்நோக்குவார். அல்வாப் பொட்டலம் இன்றி அலுவலகத்தில் நுழைவது அதன்பின் எளிதன்று!

ஒருவர் மொழியில் எழுதிய மறுமொழி மற்றவருக்குப் புரியாமற்போவதால் நேரும் விளைவுக்கு, 2008-ஆம் ஆண்டில் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் நிகழ்ந்தது ஒரு சான்று. அங்கே சாலைப் பலகைகளில் ஆங்கிலமும் வேல்ஷ் மொழியும் இடம்பெறவேண்டும். கனரக வண்டிகள் நுழையக்கூடாது என்னும் அறிவிப்பை மொழிபெயர்த்துத் தருமாறு சுவான்சி நகர மன்றத்தினர் மின்னஞ்சல் அனுப்பினர். உடனே வேல்ஷ் மொழியில் ஒரு பதில் வந்தது. அதுவே மொழிபெயர்ப்பு என்று கருதி, பலகையில் அழகாகப் பொறித்துச் சாலையில் நட்டுவிட்டனர். வேல்ஷ் அறிந்தவர்கள் படித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. மொழிபெயர்ப்பாளர் தாம் அலுவலகத்தில் இல்லை என்பதையும், மொழிபெயர்க்கவேண்டியவற்றை அனுப்பி வைக்கலாம் என்பதையும் அறிவிக்கும் தானியங்கி மறுமொழியே அங்குச் சாலையில் நின்றது! பின்னர் அப்பலகை அகற்றப்பட்டது. நமக்கு இது நகைப்பைத் தருகிறது. எனினும் பாடத்தையும் தருகிறது. நம் அலுவலகத்துக்கு எழுதுவோர் எம்மொழியைப் படிப்பரோ அம்மொழியில், 'இது தானாகச் செல்லும் மறுமொழி' என்பது முதல் பார்வையிலேயே விளங்குமாறு எழுதவேண்டும்.

இம்மூன்று விதிகளையும் தழுவி, உடன்பணிபுரிவோருக்கு எழுதத்தக்க மாதிரி ஒன்றைக் காண்போம்:

'வணக்கம். இது தானாகச் செல்லும் மறுமொழி. ஜனவரி 12 முதல் 18 வரை விடுப்பில் இருக்கிறேன். 19-ஆம் நாள் பணிக்குத் திரும்புவேன். அவசரமான கணக்குகளுக்கு இன்னாரை இன்ன முகவரியில் அணுகலாம். கோப்புகள் யாவும் அவரிடம் உள்ளன. இந்த வாரம் நான் பொங்கவிடப் போவது பால்பானையை மட்டுமே. வேறெது பொங்கினாலும் அடுப்பைத் தணிக்க அவர் அறிவார்.'

இதில் வேடிக்கை கடைசியில் வருகிறது. அதனை நீக்கிவிட்டாலும் செய்தி குறைவுறாது. பொங்குதல் என்பது பாலுக்கும் சினத்துக்கும் பொதுவாகத் தமிழில் வழங்குவதுபோல் ஆங்கிலத்திலும் வழங்குவதால், அம்மொழியில் எழுதினாலும் நயம் கெடாது. பொங்கலை அறியாத நண்பர், 'அதென்ன பால்பானை?' என்று கேட்பாராயின், திரும்பியபின் உரையாட ஒரு நல்ல பொருளும் கிடைத்துவிடும்.

வெளியாருக்கு எழுதுவது இதனினும் அடக்கமாக இருத்தல் நலம்:

'தங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. நான் ஜனவரி 18 வரை விடுப்பில் இருப்பதால், இம்மறுமொழியை என் கணிப்பொறி அனுப்புகிறது. விரைவில் அது என்னை விஞ்சும். விடை கூறுவதற்கோ அதற்குத் தெரியாது. விடை கூற வல்லவர் இன்னார், முகவரி இது. 19-ஆம் நாள் முதல் நானே எழுதுவேன்.'

இங்கே நகை, அணுகவேண்டியவரிடமே படிப்பவரை அழைத்துச் செல்கிறது. கவலையோடு எழுதியவரும் இதனால் மனம் வருந்தார்.

அவுட்லுக் என்னும் அஞ்சல் நிரலில், நிறுவனத்துக்குள் இருப்பவர்களுக்கு ஒரு மறுமொழியும் வெளியாருக்கு வேறொரு மறுமொழியும் எழுதிவைக்க வசதி உண்டு. ஜிமெயிலில், நம் தொடர்புப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் மறுமொழி செல்லுமாறு வரையறுக்கலாம். இவ்வசதிகளைப் பயன்படுத்துவது நாகரிகத்துக்காக மட்டுமன்று, பாதுகாப்புக்காகவும் ஆகும். 'குடும்பத்தோடு ஊருக்குச் செல்கிறோம்; இரண்டு இரவுகள் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இருப்போம்' என்று அறியாதவர்க்கெல்லாம் அறிவிப்பது, 'எம் வீடு பூட்டிக்கிடக்கிறது' என்று தெருவில் முரசறைவதற்கு ஒப்பாகும். ரயிலைப் பற்றிய வேடிக்கை அறிந்த நண்பர்களோடு நிற்கட்டும்.

ஜிமெயிலில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. அதே மனிதர் நான்கு நாட்களுக்குப் பின் மீண்டும் எழுதினால், அதே மறுமொழி அவருக்கு மீண்டும் செல்லும். முதல் முறை புன்னகை தந்த வரி, இரண்டாம் முறை எரிச்சலைத் தரக்கூடும். வேடிக்கை ஒரு வரிக்கு மேற்படாதிருந்தால் அதனைப் பொறுத்துக்கொள்வது எளிது.

நகையே கூடாத வேளைகளும் உண்டு. உறவினர் மறைவு, நோய் முதலிய காரணங்களால் விடுப்பெடுக்கும்போது, நாளையும் மாற்று முகவரியையும் மட்டும் கூறி நிறுத்துவதே பண்பு. காரணத்தைக்கூட விளக்கவேண்டுவதில்லை. துயருற்றோரும் வழக்குற்றோரும் மிகுதியாக எழுதும் பணிகளில் இருப்போர், எந்நாளும் வேடிக்கையைத் தவிர்ப்பதே நன்று.

இறுதியாக, திரும்பி வந்தவுடன் அம்மறுமொழியை நிறுத்தவேண்டும். முடியும் நாளை முன்னரே குறித்துவைத்தால் அது தானாகவே நின்றுவிடும். மாசி பிறந்தபின்னும் பால்பானை பொங்கிக்கொண்டேயிருந்தால், பிறர் நகைப்பது நம் நகைச்சுவைக்காக அன்று.

வேற்றூரில் நமக்கென்று மதிப்பு ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. சிறு சிறு செயல்களால் சேர்கிறது. அவற்றுள் இதுவும் ஒன்று. அடுத்த முறை ஊருக்குப் புறப்படுமுன், துளசிக்கு நீர் ஊற்றச் சொல்லும் அதே அக்கறையோடு இந்நான்கு வரிகளையும் எழுதுவோம். எழுதிய பின், அவசரத்தோடும் கவலையோடும் நம் உதவியை நாடும் ஒருவராக நம்மையே கருதிக்கொண்டு, ஒருமுறை படித்துப் பார்ப்போம். அவருக்கு வழி கிடைத்து, அதன்பின் சிறு புன்னகையும் தோன்றுமாயின், நாம் நிம்மதியாக ரயிலேறலாம்.