கடல் மேல் ஒரு நாடக மேடை: 300 ஆண்டுகளைத் தாண்டி நிற்பது எப்படி?

ஜப்பானின் ஹிரோஷிமா அருகே மியாஜிமா தீவில் இருக்கிறது இட்சுகுஷிமா ஆலயம். கடலுக்குள் நிற்கும் அதன் சிவப்பு நுழைவாயிலைப் புகைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். அதே ஆலயத்தில், கடலின் மேலேயே ஒரு ‘நோ’ நாடக மேடையும் இருக்கிறது.

அதென்ன ‘நோ’?

‘முடியாது’ என்று அர்த்தம் இல்லைங்க! ஜப்பானிய மொழியில் ‘நோ’ என்றால் ‘திறமை’. 14-ம் நூற்றாண்டில் கன்னாமியும் அவர் மகன் ஸியாமியும் செம்மைப்படுத்திய முகமூடி நாடகம் இது. குழல், முரசு, பாட்டு, மெதுவான அசைவுகள்... நடுவே நடிகர் காலை ஓங்கி மிதிப்பார். அந்தச் சத்தமும் இசைதான்.

பானைக்குப் பதில் பலகை

மிதிக்கும் ஓசை கணீரென்று கேட்க, பல நோ மேடைகளின் அடியில் பெரிய மண்பானைகளை வைப்பது வழக்கம். இங்கே அடியில் கடல் ஏறி இறங்குகிறது. பானையை எங்கே வைப்பது? அதனால் தரையையே முரசு போல அதிரும்படி அமைத்துவிட்டார்கள்.

புயலில் விழுந்த மேடை

தீவே புனிதமானது என்பது நம்பிக்கை. அதனால்தான் ஆலயத்தை அலை வந்து போகும் இடத்தில் கட்டினார்கள். இப்போதுள்ள மேடை 1680-ல் ஹிரோஷிமாவை ஆண்ட அசானோ குடும்பம் அமைத்தது. 1991-ல் வந்த புயலில் அது சரிந்து விழுந்தது. அப்படியே விட்டுவிடவில்லை, 1994-ல் மீண்டும் எழுப்பினார்கள். 1996-ல் ஆலயம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆண்டுதோறும் ஏப்ரல் 16 முதல் 18 வரை இந்த மேடையில் தெய்வத்துக்குக் காணிக்கையாக நோ நடத்தப்படுகிறது.

இனி என்ன சவால்?

ஆலயத்தின் நடைபாதைப் பலகைகளுக்கு இடையே வேண்டுமென்றே இடைவெளி விட்டிருக்கிறார்கள். பெரிய அலை வந்தால் தண்ணீர் அதன் வழியே மேலேறி, வடிந்துவிடும். கட்டடம் தூக்கி எறியப்படாது. கடலோடு மல்லுக்கட்டாமல் அதற்கு வழிவிடும் உத்தி இது.

ஆனால், இந்தக் கணக்கெல்லாம் அன்றைய கடல் மட்டத்தை வைத்துப் போட்டது. இன்று உலகெங்கும் கடல் மட்டம் உயர்ந்து வருகிறது. ‘மேடையைக் கொஞ்சம் உயர்த்திவிட்டால் போச்சு’ என்று தோன்றலாம். அப்படி உயர்த்தினால், தண்ணீரில் மிதப்பது போன்ற அதன் தோற்றமே மாறிவிடும். உயர்த்தாவிட்டால், அடிக்கடி நனையும். புயலில் விழுந்த மேடையை 3 ஆண்டுகளில் எழுப்ப முடிந்தது. மெல்ல மெல்ல ஏறும் கடலைச் சமாளிப்பது அவ்வளவு எளிதல்ல.