கம்ப்ரசரை மாற்றுமுன் ஓர் இரவு பொறுங்கள்

பெங்களூரு அலசூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வளாகத்தில் வண்டி நிறுத்துமிடம் தரைக்குக் கீழே உள்ளது. சென்ற ஆண்டு ஒருநாள் காலை, அங்கே நின்ற எங்கள் காரின் முன்பக்க இடது மூலை தரையை நோக்கிச் சரிந்திருந்தது. இஞ்சினை இயக்கியதும் அடியிலிருந்து ஓர் உறுமல் எழுந்தது. நெடுநேரம் கழித்தே வண்டி நிமிர்ந்தது. சில வாரங்களில் அந்த உறுமலும் நின்றது. ஏர் சஸ்பென்ஷன் பழுது என்று எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பணிமனையில் கொடுத்த மதிப்பீடு ஓர் இலட்சம் ரூபாயைத் தாண்டியிருந்தது: கம்ப்ரசரை மாற்ற வேண்டும். பழைய காராக வாங்கிய அந்த வண்டிக்கு நாங்கள் வங்கியில் செலுத்தும் ஐந்து மாதத் தவணைக்கு அது சமம்.

தொகையைவிட வேறொன்றுதான் என்னைத் தயங்க வைத்தது. முந்தைய உரிமையாளர் விட்டுச்சென்ற காகிதங்களிடையே ஒரு ரசீது இருந்தது. அதே கம்ப்ரசர் பதினான்கு மாதங்களுக்கு முன்புதான் புதிதாக மாற்றப்பட்டிருந்தது. புதிய உறுப்பு அதற்குள் ஏன் கெட்டது என்பதற்கு மதிப்பீட்டுத் தாளில் விடை இல்லை.

சாதாரண காரின் எடையை எஃகுச் சுருள்வில்கள் தாங்குகின்றன. ஏர் சஸ்பென்ஷன் உள்ள காரில் அந்த இடத்தில் காற்று நிரம்பிய ரப்பர் உறைகள் இருக்கும்; காற்றுவில் என்று அவற்றைச் சொல்லலாம். பெங்களூரு சாலைகளில் ஓடும் வால்வோ பேருந்துகளில் பயணம் செய்தவர்கள் இதன் சொகுசை அறிவார்கள். ஓசகோட்டையில் உருவாகி 2001 முதல் இந்தியச் சாலைகளுக்கு வந்த வண்டிகள் அவை. பேருந்தில் பிரேக்குக்காக இஞ்சினோடு இணைந்த பெரிய கம்ப்ரசர் எப்படியும் இருக்கிறது. அதே காற்றைக் காற்றுவில்லுக்கும் கொடுத்துவிடலாம். காரில் அந்த வசதி இல்லை. ஆகவே 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் கையகலக் கம்ப்ரசர் ஒன்று, டயரில் உள்ளதைப்போல் சில மடங்கு அழுத்தத்தில் காற்றை உருவாக்க வேண்டியிருக்கிறது. சக்கரங்களின் அருகே உள்ள உணரிகள் உயரத்தை அளக்கின்றன. வால்வுத் தொகுதி வேண்டிய மூலைக்குக் காற்றைத் திறந்துவிடுகிறது.

இந்தச் சிறிய கம்ப்ரசர் தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டதன்று. ஒருசில நிமிடம் ஓடி, நெடுநேரம் ஆறியிருக்க வேண்டியது. எங்கோ ஒரு காற்றுவில்லின் மடிப்பில் ரப்பர் வெடித்து, காற்று மெல்லக் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். இழந்த காற்றை ஈடுகட்டக் கம்ப்ரசர் ஒவ்வொரு நாளும் கூடுதலாக ஓடும். சூடேறிய பிஸ்டன் வளையம் தேயும். தேய்ந்தபின் அதே அழுத்தத்தை எட்ட இன்னும் அதிக நேரம் ஓடும். மின்சாரம் தரும் ரிலேயின் முனைகள் கருகி, சில வேளை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்போது சாவியை எடுத்த பின்னும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்து எரிந்துபோகும். கண்ணுக்குத் தெரியும் பிணம் கம்ப்ரசர். கொன்றது பெரும்பாலும் கசிவு. அதைச் சரிசெய்யாமல் புதிய கம்ப்ரசரைப் பொருத்துவது, ஓட்டைக் குடத்துக்குப் புது மோட்டார் வாங்குவதைப் போன்றது.

(இது பழைய நோய். 1957இல் காடிலாக் நிறுவனம் தன் எல்டொராடோ புரோஅம் காரில் காற்றுவில்லைப் பொருத்தி விற்றது. கசிவின் தொல்லை தாங்காமல் உரிமையாளர்கள் பலர் அதைக் கழற்றிச் சுருள்வில்லுக்கு மாறினர்.)

முதல் சோதனைக்கு ஓர் அளவுநாடாவும் ஓர் இரவும் போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர்மேலே உள்ள மட்கார்டு விளிம்புவரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை, கதவைத் திறக்குமுன்பே மீண்டும் அளங்கள். கதவைத் திறந்தாலே சில கார்களில் கட்டுப்பாட்டுப் பெட்டி விழித்துக்கொண்டு உயரத்தைத் திருத்திவிடும். இரவுக் குளிரில் காற்று சுருங்குவதால் நான்கு மூலையிலும் சில மில்லிமீட்டர் இறங்குவது இயல்பே. ஒரு மூலை மட்டும் பல சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் அந்தக் காற்றுவில்லையோ, அதற்குச் செல்லும் குழாயையோ ஐயப்பட வேண்டும். பல மூலைகள் சேர்ந்து இறங்கினால் வால்வுத் தொகுதியைப் பார்க்க வேண்டும். எங்கள் காரில் முன் இடது மூலை ஆறு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது, மற்றவை அசையவில்லை.

அடுத்தது, பாத்திரம் துலக்கும் சோப்பைக் கரைத்த நீர். ரப்பரின் மடிப்பு, குழாய் இணையும் இடம், வால்வுத் தொகுதி ஆகியவற்றின்மேல் தெளித்துப் பொறுமையாகக் காத்திருங்கள். நுண்ணிய கசிவு பெரிய குமிழாக வராது, வெண்ணுரையாகச் சேரும். வெடிப்பு மடிப்புக்குள் ஒளிந்திருந்தால் ஓர் உயரத்தில் கசியும், இன்னோர் உயரத்தில் கசியாது. ஆகவே இரண்டு மூன்று உயரங்களில் பார்ப்பது நல்லது.

இங்கே நிறுத்தி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காற்றுவில் மட்டுமே தாங்கும் காரின் அடியில் கையையோ தலையையோ நுழைக்கக் கூடாது. ஒரு வால்வு திறந்தால் வண்டி எச்சரிக்கையின்றி இறங்கும். வாகனக் கையேடு சொல்லும் முறையில் 'ஜாக்' நிலைக்கு மாற்றி, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, கையேடு காட்டும் இடங்களில் இரும்பு ஸ்டாண்டுகளை நிறுத்திய பிறகே குனிய வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. குழாயைக் கழற்றுமுன் காற்றை முற்றிலும் வெளியேற்ற வேண்டும். பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். இவற்றில் ஒன்றுக்குக்கூட வசதி இல்லையென்றால் அளவுநாடாவோடு நிறுத்திக்கொண்டு, குறிப்புகளை மெக்கானிக்கிடம் கொடுங்கள். அந்தக் குறிப்பே பாதி வேலை.

கம்ப்ரசரைச் சோதிப்பது மின்சாரத்திலிருந்து தொடங்குகிறது. ஓசையே இல்லையென்றால் முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே. இரண்டும் நன்றாக இருந்தால், வண்டியை உயர்த்தும் பொத்தானை ஒருவர் அழுத்த, இன்னொருவர் கம்ப்ரசரின் மின்முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கலாம். 12 வோல்ட் அளவில் மின்சாரம் வந்தும் மோட்டார் சுழலாவிட்டால் பழுது மோட்டாரில். மின்சாரமே வராவிட்டால் வயரிலோ, கட்டுப்பாட்டுப் பெட்டியிலோ. அதிகமாகச் சூடேறினால் கம்ப்ரசரைச் சிறிது நேரம் ஓடவிடாமல் அந்தப் பெட்டியே தடுப்பதும் உண்டு. எனவே அரைமணி நேரம் ஆறவிட்டு மறுபடி பாருங்கள். மோட்டார் ஓடியும் வண்டி உயராவிட்டால் பிஸ்டன் வளையம், காற்றை உலர்த்தும் குடுவை, வெளியேற்று வால்வு ஆகிய மூன்றில் ஒன்று காரணமாக இருக்கலாம்.

ஓடும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்ப்பவர்கள் பெங்களூருவின் உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்குள்ள காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு வீச்சிலும் பிஸ்டன் உள்ளிழுக்கும் காற்றும் அந்த அளவுக்குக் குறையும். சென்னையில் ஒன்பது நிமிடத்தில் நிரம்பும் கம்ப்ரசர் இங்கே பத்து நிமிடம் எடுத்தால் அது பழுதன்று.

எங்கள் கம்ப்ரசரில் மோட்டார் நலமாக இருந்தது. ஃபியூஸ் எரிந்திருந்தது, ரிலேயின் முனைகள் கரிந்திருந்தன, சிலிண்டர் தலையைத் திறந்தபோது வளையம் காகிதம்போல் தேய்ந்திருந்தது. பல மாதிரிகளுக்கு வளையமும் ரப்பர் ஓ-வளையங்களும் அடங்கிய தொகுப்பு கிடைக்கிறது. ஜே.சி. சாலையில் அதையும், எஸ்.பி. சாலையில் மல்டிமீட்டரையும் வாங்கினோம். காரின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, கம்ப்ரசரின்மேல் அச்சிட்ட எண்ணைப் படமெடுத்துச் செல்வது நல்லது. கழற்றி விற்கும் பழைய கம்ப்ரசர் மலிவுதான்; ஆனால் அதன் வளையம் எவ்வளவு தேய்ந்தது என்பது வெளியே தெரியாது.

சிலிண்டர் சுவரில் நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தால் புது வளையம் நிலைக்காது. சிலிண்டரையும் மாற்ற வேண்டும். நல்லெண்ணத்தோடு பலர் செய்யும் தவறு, உள்ளே எண்ணெய் விடுவது. இது எண்ணெயின்றி ஓடும்படி அமைந்த கம்ப்ரசர். விட்ட எண்ணெய் உலர்த்தும் குடுவையைக் கெடுத்து வால்வுகளையும் அடைக்கும். குடுவையில் உள்ள மணிகள் பொடிந்திருந்தால் அவற்றையும் மாற்றிவிடுங்கள். ரிலேயை, நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும், கட்டாயம் மாற்றுங்கள். அதன் விலை மிகக் குறைவு.

காற்றுவில்லை நாங்களாக மாற்றவில்லை. அதற்குரிய கருவிகள் உள்ள பணிமனையில் கொடுத்தோம். காற்றில்லாத புதிய வில்லின்மேல் வண்டியின் எடையை இறக்கினால் ரப்பர் தவறாக மடிந்து கிழியும். தூக்கிய நிலையிலேயே காற்றை ஏற்றிய பின்புதான் இறக்க வேண்டும். உயரத்தைக் கணினி மூலம் திருத்தி, பதிவான பிழைகளை அழிப்பதும் அங்கேயே முடிந்தது. எல்லாம் சேர்ந்து முதல் மதிப்பீட்டில் பாதிகூட ஆகவில்லை.

காப்பீடு இதில் உதவுமா என்று கேட்பவர்கள் உண்டு. வழக்கமான மோட்டார் காப்பீடு தேய்மானத்தையும் இயந்திர, மின் பழுதுகளையும் ஏற்பதில்லை. வெள்ளச் சேதம் வேறு. 2022 செப்டம்பர் மழையில் பெங்களூருவின் பெல்லந்தூர்ப் பகுதியில் நடந்ததைப்போல் கார் நீரில் மூழ்கினால், எதையும் இயக்காமல் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத காரிலும் கம்ப்ரசரைத் தொடாதீர்கள்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள பழைய காரைக் கடனில் வாங்க நினைப்பவர்கள், கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் விற்பவரின் வீட்டுக்கு ஒருநாள் அதிகாலையில் செல்லுங்கள். இரவு முழுதும் நின்ற வண்டியை, யாரும் கதவைத் திறப்பதற்கு முன், நான்கு மூலையிலும் அளந்து பாருங்கள். நாங்கள் பார்த்தது மாலை ஐந்து மணிக்கு. வண்டி நிமிர்ந்தே நின்றது.