கடலுக்கடியில் ஒரு ஜாயின்ட்

போன குறுவைக்கு ஊரில் இருந்தேன். ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தியதுமே போர்வெல் மோட்டார் டிரிப். நாற்று விட்டாச்சு, வாய்க்காலில் தண்ணி இல்லை. செயின் பிளாக் போட்டு மேலே ஏற்றிப் பார்த்தால் மோட்டாரில் கோளாறே இல்லை. கேபிள் ஜாயின்ட்டுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. "எத்தனை சுத்து டேப் சுத்துனோம்கிறது இல்ல தம்பி, சுத்தும்போது கை ஈரமா இருந்துச்சான்னு பாக்கணும்" என்றார் மெக்கானிக் அண்ணன்.

அப்படியானால் கடலுக்கடியில்? 2020 ஆகஸ்டில் தொடங்கிவைத்த சென்னை–அந்தமான் கேபிள் சுமார் 2,300 கி.மீ. 3,000 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 300 வளிமண்டல அழுத்தம். ஃபைபரில் போவது ஒளிதான். ஆனால் வழியில் அதைப் பெருக்கும் ரிப்பீட்டர்களுக்குக் கரையிலிருந்து மின்சாரம் போக வேண்டும். நீண்டதூரக் கேபிள்களில் அது பல ஆயிரம் வோல்ட் டிசி. ஜாயின்ட்டில் ஒரு நுண்குமிழி இருந்தாலும் இன்சுலேஷன் அங்கேதான் முதலில் உடையும்.

1870களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து பினாங்குக்குத் தந்திக் கேபிள் போட்ட காலத்தில், கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலை விளக்கில் இளக்கி விரலால் அழுத்தித்தான் மூடினார்கள். அங்கேயும் ஈரக்கைதான் எதிரி!

இப்போது அந்த விரலின் இடத்தில் மோல்டிங் மெஷின். உருகிய பாலிஎதிலீனை அழுத்தத்தோடு அச்சுக்குள் செலுத்துகிறது. புதுப் பிளாஸ்டிக் பழையதன் மேல் ஒட்டினால் போதாது. பழையதன் மேற்பரப்பும் உருகி இரண்டும் ஒன்றாக வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிய கோடே தண்ணீருக்கு வழி. ஆறும்போது பாலிஎதிலீன் சுருங்கும் என்பதால், அதுவரை அழுத்தத்தை விடக்கூடாது. வெப்பம், அழுத்தம், நேரம் மூன்றும் எண்கள், கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும். பிறகு எக்ஸ்ரே எடுத்துக் குமிழி தேடுகிறார்கள். ஃபைபர் முனைகளை நேர்செய்து உருக்கி இணைப்பதும் கேமரா வைத்த மெஷின்தான்.

முழுசா ஆட்டோமேட் செய்ய வேண்டியதுதானே என்று புரோகிராமர் புத்தி கேட்கும். நானும் கேட்டேன். கவசக் கம்பியைப் பிரிப்பது, இன்சுலேஷனைச் சீவுவது, துடைப்பது எல்லாம் இன்னும் கைவேலை. கம்பெனிக்குக் கம்பெனி கேபிள் வேறு. கப்பலோ ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு ரிப்பேருக்கு வேண்டியது இரண்டு மூன்று ஜாயின்ட். இதற்கு ரோபோ கட்டுபடியாகாது. எக்ஸ்ரே படத்தில் குமிழி தேடும் மென்பொருள் என்றால், அது செய்யத் தகுந்த வேலை என்பேன்.

எங்கள் மோட்டாருக்கு இந்தமுறை பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டோம். அண்ணன் துண்டில் இரண்டு தடவை கை துடைத்துவிட்டுத்தான் ஸ்லீவையே தொட்டார்.