அரையாண்டு முடிஞ்சாச்சு... சர்க்குலரைப் படிச்சாச்சா?

"ஏண்டா, ஸ்கூல்ல ஏதாவது பேப்பர் கொடுத்தாங்களா?"

"இல்லம்மா..."

இல்லையாம்! ஞாயிற்றுக்கிழமை பையைக் கவிழ்த்தால், டிபன் பாக்ஸுக்கு அடியில் தயிர்சாதக் கறையோடு கசங்கிக் கிடக்கிறது அந்தத் தாள். பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த வாரத்தில், ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தனுப்பிய சுற்றறிக்கை. இப்போது பல பள்ளிகள் இதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகின்றன. அப்போதும் அதே கதைதான்... 'குட்மார்னிங்' பூங்கொத்துகளுக்கு நடுவில் காணாமல் போய்விடுகிறது.

அப்படி என்னதான் இருக்கும் அதில்? அரையாண்டு மார்க் ஷீட்டைப் பெற்றோர் நேரில் வந்து வாங்கிக்கொள்ள ஒரு தேதி. விளையாட்டு விழா, ஆண்டு விழா, டான்ஸ் டிரஸ்ஸுக்குப் பணம். ஒரு நாள் சுற்றுலா. கண் பரிசோதனை முகாம். பிப்ரவரியில் குடற்புழு மாத்திரை. நாம் மார்க் பற்றிய வரியைப் படிப்போம். பணம் கட்டச் சொல்லும் வரியை இரண்டு தடவை படிப்போம். மற்றதெல்லாம் 'அது பாட்டுக்கு நடக்கும்' கணக்கு!

ஆனால், 11 முதல் 13 வயது என்பது ஜூனில் தைத்த பேன்ட் ஜனவரியில் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கிற வயது. கண், ரத்தம், எலும்பு எல்லாமே வேகமாக மாறுகிற நேரம். அதனால் இந்தத் தாளை ஒரு தடவை கடைசி வரியிலிருந்து மேலே படித்துப் பாருங்களேன்.

மார்க் ஏன் குறைந்தது?

2024 ஜனவரியில் எங்கள் மாடி வீட்டில் ஒரே ரகளை. ஏழாவது படிக்கிற பெண். காலாண்டில் கணக்கில் 88 வாங்கியவள், அரையாண்டில் 61. "போர்டுல போட்டுக் கொடுக்கிறதைக்கூட தப்பா எழுதிட்டு வர்றாக்கா! மனசு எங்கேயோ இருக்கு" என்று அவள் அம்மா புலம்பினார். உடனே டியூஷன் வேட்டை ஆரம்பமானது. செல்போன் பிடுங்கப்பட்டது. டி.வி. கேபிளைக்கூடக் கழற்றினார்கள்.

அந்த மாதச் சர்க்குலரில் கண் பரிசோதனை முகாம் பற்றி ஒரு வரி இருந்தது. "எங்க வம்சத்துலயே யாரும் கண்ணாடி போட்டதில்ல" என்று சொல்லி, அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடாமல் விட்டுவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து பஸ் ஸ்டாப்பில் விஷயம் வெளியே வந்தது. தூரத்தில் வந்த பஸ்ஸின் நம்பரைப் பாட்டி படித்துவிட்டார். கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட பாட்டி! பேத்திக்கு பஸ் கிட்டே வந்து நின்ற பிறகுதான் நம்பர் தெரிந்தது. பரிசோதித்தால் இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.5. நவம்பரில் 'நீ வளர்ந்துட்டே' என்று டீச்சர் அவளை இரண்டாம் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்கு மாற்றியிருக்கிறார். மார்க் சரிந்த கதை அவ்வளவுதான்.

'ஏண்டி, தெரியலைன்னு சொல்ல மாட்டியா?' என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள், பாவம்? எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கிட்டப்பார்வைக் கோளாறில் விழிக்கோளம் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் நீண்டுவிடுகிறது. பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. பிள்ளைகள் வளர்கிற வயதில் இது மெள்ள மெள்ள வருவதால் அவர்களுக்கே வித்தியாசம் தெரிவதில்லை.

கண்ணை இடுக்கிப் பார்ப்பது, டி.வி.க்கு அருகில் போய் உட்காருவது, பக்கத்துப் பெண் நோட்டைப் பார்த்து எழுதுவது, அடிக்கடி தலைவலி... இதில் எது இருந்தாலும் உஷாராகுங்கள். எதிர்ச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரை, ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் படிக்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மாற்றி ஒரு தடவை. இது சந்தேகத்தைக் கிளப்பத்தான். சரியான பரிசோதனை, 6 மீட்டர் தூரத்தில் எழுத்து அட்டையை வைத்துச் செய்வது. அதைத்தான் பள்ளி நம் பிள்ளையின் வகுப்பறைக்கே கொண்டுவருகிறது.

'கண்ணாடி போட்டா பவர் ஏறும்' என்பது நம் வீடுகளில் இன்னும் சாகாத ஒரு நம்பிக்கை. பவர் ஏறுவது விழி வளர்வதால். கண்ணாடியைப் பீரோவில் வைத்துப் பூட்டினாலும் ஏறத்தான் செய்யும். போர்டு தெரியாது, அதுதான் கூடுதல் நஷ்டம்! வருஷத்துக்கு ஒரு தடவையாவது மறுபடி பார்த்துவிடுங்கள்.

பி.டி. பீரியடைப் பறிக்காதீர்கள்!

ஜனவரி பிறந்தால் பல பள்ளிகளில் இன்னொன்றும் நடக்கும். பி.டி. பீரியடில் கணக்கு டீச்சர் நுழைந்துவிடுவார். 'போர்ஷன் முடிக்கணும்' என்பது காரணம். நமக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். சில பெற்றோர் கேட்டே வாங்குகிறார்கள்!

இதே கண்ணுக்காகச் சொல்கிறேன், அது தப்பு. சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. ஆறு பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெட்டவெளியில் இருக்க வைத்தார்கள். மற்ற ஆறு பள்ளிகளில் வழக்கம் போலவே விட்டார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், வழக்கம் போல இருந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 39 பேருக்கு மேல் கிட்டப்பார்வை; வெளியில் இருந்தவர்களில் சுமார் 30 பேருக்கு. 2015-ல் வெளியான முடிவு இது. தைவான் நாட்டில் 2010-லிருந்தே, பிள்ளைகள் தினமும் இரண்டு மணி நேரம் வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்று பள்ளிகள் வழியாக வலியுறுத்துகிறார்கள்.

அங்கே பிள்ளைகளைக் கூப்பிட்டு வெளியே விடுகிறார்கள். நாம் வெளியே இருக்கிறவர்களை உள்ளே கூப்பிடுகிறோம்! இத்தனைக்கும் நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. வாரத்துக்கு இரண்டே இரண்டு பி.டி. பீரியட். அதையும் பறித்துவிட்டால் எங்கே போவது? மார்க் ஷீட் வாங்கப் போகிற அன்று, கணக்கு டீச்சரைப் பார்த்த கையோடு பி.டி. மாஸ்டரையும் பார்த்து, 'கிளாஸ் ஒழுங்கா நடக்குதா சார்?' என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

பூச்சி மாத்திரையா... எங்க பிள்ளைக்கா?

பிப்ரவரி 10-ஐ ஒட்டி தேசியக் குடற்புழு நீக்க நாள் வருகிறது. 2015-ல் தொடங்கிய திட்டம். 1 வயது முதல் 19 வயது வரை எல்லோருக்கும் அல்பெண்டசோல் மாத்திரை. நம் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 400 மில்லி கிராம், ஒரே ஒரு மாத்திரை, சப்பிச் சாப்பிடலாம். அரசுப் பள்ளியில் மட்டுமல்ல, தனியார் பள்ளிகளிலும் கொடுக்கிறார்கள்.

அன்றைக்குப் பார்த்துத்தான் பல வீடுகளில் பிள்ளைக்கு லீவு! "எங்க பையன் செருப்பு இல்லாம வாசலுக்குக்கூடப் போக மாட்டான்" என்பார்கள். கொக்கிப்புழு வெறுங்கால் தோல் வழியாக நுழைவது உண்மைதான். ஆனால் உருண்டைப்புழுவின் முட்டை, சரியாகக் கழுவாத கீரையிலும் கேரட்டிலும், மைதானத்தில் விளையாடிவிட்டுக் கழுவாமல் சாப்பிட வருகிற கையிலும் வரும். அது வீட்டு வாடகையைக் கேட்டுக்கொண்டா வருகிறது? ஒவ்வொரு பிள்ளைக்கும் மலப் பரிசோதனை செய்வதைவிட, பாதுகாப்பான மாத்திரையை எல்லோருக்கும் கொடுத்துவிடுவது சுலபம் என்பதால்தான் இந்த ஏற்பாடு. நம் பாட்டிமார் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை விளக்கெண்ணெயோடு துரத்தினார்களே, அதைவிட இது எவ்வளவோ மேல்!

வயிற்றில் புழு நிறைய இருந்தால் அன்று லேசாகக் குமட்டலாம், வயிறு வலிக்கலாம்; பெரும்பாலும் தானே சரியாகிவிடும். காய்ச்சலாக இருந்தாலோ, வேறு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாலோ டீச்சரிடம் சொல்லிவிடுங்கள். விடுபட்டவர்களுக்குச் சில நாள் கழித்து மறுபடியும் கொடுப்பார்கள்.

கொக்கிப்புழு குடிப்பது ரத்தத்தை. அதோடு இந்த வயதில் பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கும் ஆரம்பித்துவிடுகிறது. 12 வயதில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 'படிச்சா தூக்கம் வருதும்மா' என்று சொல்கிற பெண்ணைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்களேன். ஆண் பிள்ளைக்கும்தான். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும். காபி, டீ ஒரு மணி நேரம் தள்ளி. மலம் கறுப்பாகப் போனால் பதற வேண்டாம். தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள்; டி.வி. விளம்பரத்தைப் பார்த்து டானிக் வாங்காதீர்கள்.

விழா, சுற்றுலா, இன்ன பிற

விளையாட்டு விழாவுக்கான பயிற்சி காலை ஏழு மணிக்கே தொடங்கிவிடும். வெறும் வயிற்றில் அனுப்பினால் அணிவகுப்பில் தடாலென்று விழுவது நம் பிள்ளையாகத்தான் இருக்கும். இரண்டு இட்லி, அதுவும் முடியாவிட்டால் ஒரு வாழைப்பழமாவது உள்ளே போகட்டும். ஓடுகிற பிள்ளைகள் சிலர் முழங்கால் சில்லுக்குக் கீழே புடைத்து வலிக்கிறது என்பார்கள். வளர்கிற வயதில் வருவது. ஓட்டத்தைக் கொஞ்சம் குறைத்தால் அடங்கும். நொண்டி நடந்தாலோ, ராத்திரி வலித்து எழுந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சுற்றுலா என்றால் பெண் பிள்ளையின் பையில் இரண்டு நாப்கின், ஒரு மாற்று உடை இருக்கட்டும், இன்னும் வயதுக்கு வராவிட்டாலும்! எதற்கு என்பதை முன்னாலேயே சொல்லிவைத்துவிடுங்கள். பஸ்ஸில் முதல் தடவை நடந்து, யாரிடமும் சொல்ல முடியாமல் ஏழு மணி நேரம் உட்கார்ந்தே வந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும்.

தண்ணீர் பாட்டில் கதையும் இதே ரகம்தான். காலையில் நிரப்பியது மாலையில் அப்படியே திரும்பி வருகிறதா? 'ஏன் குடிக்கலை?' என்று அதட்டாமல், 'பாத்ரூம்ல தாழ்ப்பாள் இருக்கா?' என்று கேட்டுப் பாருங்கள். அங்கே போகப் பயந்துதான் பல பிள்ளைகள் தண்ணீரே குடிப்பதில்லை. விளைவு, மலச்சிக்கல், சிறுநீரில் கிருமித் தொற்று. பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றி நாற்பது பேர் பேசுகிறோம். தாழ்ப்பாளைப் பற்றி ஒருவராவது பேசலாமே!

கோடை நெருங்க நெருங்க அம்மையும் வரும். சின்னம்மை கண்ட பிள்ளையை, கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை அனுப்பாதீர்கள். பரீட்சையே இருந்தாலும் சரி. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது.

சர்க்குலரின் அடியில், கத்தரித்துக் கொடுக்கச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். கண் பரிசோதனைக்குச் சம்மதம், மாத்திரைக்குச் சம்மதம், சுற்றுலாவுக்குச் சம்மதம். கையெழுத்துப் போட்டு, அதைப் பென்சில் பாக்ஸுக்குள் வையுங்கள். டிபன் பாக்ஸுக்கு அடியில் வேண்டாம்!