‘நாம்’ என்று சொன்ன துறவி

தொண்டு என்ற சொல் இன்று மேடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள் பழம் வழங்கிப் படம் எடுத்துக் கொள்வதும் தொண்டு எனப்படுகிறது; ஆயுள் முழுவதையும் கொடுத்துவிடுவதும் தொண்டு எனப்படுகிறது. இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவை அறிய விரும்புவோர், பசிபிக் பெருங்கடலின் நடுவே மொலோக்காய்த் தீவில் தொழுநோயாளரிடையே 16 ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த புனித தமியானின் வரலாற்றைப் படிக்க வேண்டும். அவர் சமயத்தால் கத்தோலிக்கர், பிறப்பால் பெல்ஜியத்தார். எனினும் அவருடைய வாழ்வு கற்பிக்கும் பாடம் எந்தச் சமயத்தார்க்கும் எந்த நாட்டார்க்கும் உரியது.

உழவர் குடும்பத்துப் பிள்ளை

பெல்ஜியத்தில் திரெமெலோ என்னும் சிற்றூரில், 1840ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் ஓர் உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யோசேப்பு. மகன் வணிகம் செய்வான் என்று தந்தை எண்ணியிருந்தார். மகனோ தமையன் பம்ஃபிலைப் பின்பற்றித் துறவு மடத்தில் சேர்ந்து, தமியான் என்ற பெயரை ஏற்றார். போதிய கல்வி இல்லாதவர் என்பதால் குருப்பட்டத்திற்கு ஏற்றவர் அல்லர் என்றே முதலில் கருதப்பட்டார். தமையனிடம் இலத்தீன் கற்று அந்தக் குறையைப் போக்கிக் கொண்டார்.

ஹவாய்த் தீவுகளுக்குச் செல்லத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் உண்மையில் தமையனே. புறப்படும் வேளையில் அவர் காய்ச்சலில் விழவே, அவருடைய இடத்தில் தம்மை அனுப்புமாறு தம்பி தலைமை மடத்திற்கு நேரே மடல் எழுதினார். 1864 மார்ச்சு 19 அன்று ஹொனலுலு துறைமுகத்தில் இறங்கினார். அதே ஆண்டு மே மாதம் அங்கேயே குருவானார். அடுத்த ஒன்பது ஆண்டுகள் ஹவாய்ப் பெருந்தீவில் மக்களின் மொழியைக் கற்று, ஊர் ஊராக நடந்து, தம் கையாலேயே சிற்றாலயங்கள் கட்டினார். தச்சு வேலையில் அவருக்கு இருந்த தேர்ச்சி பின்னாளில் பெரிதும் பயன்பட்டது.

பிரித்து வைக்கும் நோய்

தொழுநோய் அப்போது ஹவாயில் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. மருந்து இல்லாத நிலையில் அரசு கண்ட வழி ஒன்றே. 1865இல் மன்னர் ஐந்தாம் கமேஹமேஹா காலத்தில் ஒரு சட்டம் பிறந்தது. அதன்படி நோயாளர்களை வீட்டிலிருந்து பிரித்து, மொலோக்காய்த் தீவின் ஒரு முனைக்கு அனுப்பினார்கள். 1866 சனவரியில் முதல் கூட்டம் அங்கே இறக்கப்பட்டது. மூன்று புறமும் அலைகடல். நான்காம் புறம் ஏறக்குறைய 2,000 அடி உயரச் செங்குத்துப் பாறை. இதைவிடக் கொடிய சிறை மனிதர் கட்டியிருக்க முடியாது. கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம், குழந்தை ஓரிடம் எனக் குடும்பங்கள் சிதறின. ஆகவே ஹவாய் மக்கள் தங்கள் மொழியில் அந்நோய்க்கு இட்ட பெயர்களுள் ஒன்று ‘பிரித்து வைக்கும் நோய்’ என்பதாகும்.

அங்கு செல்ல யார் முன்வருவீர் என்று ஆயர் மெக்ரே 1873இல் கேட்டார். நால்வர் முன்வந்தனர், முறை வைத்து மாறி மாறிச் செல்வதாக ஏற்பாடு. முதல் முறை தமியானுடையது. மே மாதம் 10ஆம் நாள் அவர் கலாவாவோ சென்றடைந்தார். அப்போது அங்கிருந்த நோயாளர் 600க்கும் மேற்பட்டவர். தங்க வீடில்லை, தொடக்க நாட்களில் ஒரு தாழை மரத்தடியே அவருக்கு வீடாயிற்று. முறை முடிந்து திரும்பியிருக்கலாம். அவர் திரும்பவில்லை, அங்கேயே இருந்துவிட அனுமதி கேட்டார். ‘தமியன்’ என்றால் தமிழில் தனித்திருப்பவன் என்று பொருள். இந்தத் தமியானோ, தனித்து விடப்பட்டவர்களைத் தனித்திருக்க விடாதவர்!

ஒரு சிறு சொல்

அவர் அங்கே சென்ற முதல் ஆண்டிலேயே, வழிபாட்டு உரையில் மக்களை விளிக்கும் முறையை மாற்றிக் கொண்டார். ‘சகோதரர்களே’ என்பது வழக்கம். அவரோ ‘தொழுநோயாளராகிய நாம்’ என்று பேசினார். இதை அந்த ஆண்டு எழுதிய மடலில் அவரே குறிப்பிட்டுள்ளார். அப்போது அவர் உடலில் நோயின் அறிகுறி ஏதுமில்லை என்பதை நாம் மறக்கக் கூடாது.

தமிழ் மாணவர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே வந்துவிடுகிறார். இதனை நம் இலக்கணம் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்கிறது. தமியான் உரையாற்றிய ஹவாய் மொழியிலும் இந்த வேறுபாடு உண்டு.

சொல்லோடு நின்றிருந்தால் அது வெறும் பேச்சு நயம். அவர் நிற்கவில்லை. சேம்பங்கிழங்குக் கூழை நோயாளரோடு ஒரே கலத்தில் கையிட்டு உண்டார். புண்களைக் கழுவிக் கட்டினார். வீடுகள் கட்டினார், ஆலயத்தை விரிவாக்கினார், குழாய் அமைத்துக் குடிநீர் கொண்டுவர உழைத்தார். பெற்றோரற்ற பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தார்; பாடல் குழுவை உருவாக்கினார். சவப்பெட்டி செய்ததும் அவரே, குழி தோண்டியதும் அவரே. நாயைப் போல் வாழ்ந்து நாயைப் போல் புதைவோம் என்று நம்பிக்கை இழந்திருந்தவர்க்கு, வாழ்விலும் சாவிலும் ஒரு மதிப்பு உண்டு என்று காட்டினார்.

அவர் ஒருவரே எல்லாம் செய்தார் என்று கூறுவது மற்றவர்க்கு இழைக்கும் அநீதியாகும். நோயுற்ற மனைவியைப் பிரிய மனமின்றி உடன் வந்து, தாமும் நோயுற்று 1879இல் இறந்த ஹவாய்க்காரரான நப்பேலா, மார்மோன் சபையைச் சேர்ந்தவர். அவரும் தமியானும் நண்பர்கள். உறவினரைப் பேண உடன் வந்து தங்கிய ஹவாய் மக்கள் வேறு பலரும் இருந்தனர். அன்பு ஒரு சபையின் தனிச்சொத்து அன்று.

சொல் மெய்யான நாள்

1884 டிசம்பரில் ஒரு நாள், கால்களை வெந்நீரில் வைத்தார் தமியான். தோல் கொப்பளித்தது, வலி தெரியவில்லை. தொழுநோய் நரம்பைத் தாக்கி உணர்ச்சியை அழிக்கும் நோய். பிறரிடம் பல்லாண்டு கண்டிருந்த அடையாளத்தைத் தம்மிடமே கண்டார். பதினோராண்டுகளாகச் சொல்லி வந்த ‘நாம்’ அன்று உடலிலும் மெய்யாயிற்று.

அதன்பின் வேலையைக் குறைத்தாரா? கூட்டினார். 1886இல் டட்டன் என்னும் அமெரிக்கர் துணைக்கு வந்தார். 1888இல் அன்னை மரியான் கோப் கன்னியருடன் வந்து சேர்ந்தார். 1889 ஏப்ரல் 15 அன்று, 49ஆம் வயதில் தமியான் மறைந்தார். முதலில் தமக்கு நிழல் தந்த தாழை மரத்தடியிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இறந்த பின்னும் பழி விடவில்லை. ஹொனலுலுவில் இருந்த ஹைடு என்னும் பாதிரியார், அவர் முரடர், தூய்மையற்றவர் என்றெல்லாம் எழுதினார். மறுப்பு எழுதியவர் ஆங்கில எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். அவர் கத்தோலிக்கர் அல்லர். தமியான் இறந்த சில வாரங்களில் மொலோக்காய் சென்று நேரில் விசாரித்தவர். 1890இல் வெளியான அவருடைய பகிரங்க மடல் தமியானின் குறைகளை மறைக்கவில்லை. பிடிவாதமும் முன்கோபமும் இருந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டே, அவருடைய பெருமையை நிலைநாட்டியது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டு 2009 அக்டோபர் 11 அன்று தமியானைப் புனிதராக அறிவித்தார்.

நாம் பெறும் பாடங்கள்

முதலாவது, புனிதம் என்பது குறையின்மை அன்று. முன்கோபியான ஒரு தச்சுக் கைக்காரர் புனிதராக முடியும் என்றால், நம் குணக்குறைகளைக் காட்டி நற்பணியிலிருந்து நாம் ஒதுங்க முடியாது.

இரண்டாவது, ஆன்மிகம் உழைப்பிலிருந்து வேறானதன்று. அவருடைய செபமாலையைப் பிடித்த கையே சுத்தியலையும் மண்வெட்டியையும் பிடித்தது. 1936இல் அவர் உடல் பெல்ஜியத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. 1995இல் அவருடைய வலக்கை மட்டும் மொலோக்காய்க்குத் திரும்பி வந்து, பழைய கல்லறையில் வைக்கப்பட்டது. உழைத்த கை உழைத்த மண்ணுக்கே வந்தது பொருத்தமல்லவா?

மூன்றாவதே தலையாயது. நோயை ஒழிப்பது அறிவியலின் வேலை. தமியான் கலாவாவோ சென்ற அதே 1873இல்தான், நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். இன்று அது கூட்டு மருந்தால் முற்றிலும் குணமாகும் நோய். உலக நலவாழ்வு நிறுவனம் 1981இல் அம்முறையைப் பரிந்துரைத்தது. ஆனால் பிரித்து வைக்கும் மனம் எளிதில் குணமாவதில்லை. ஹவாயில் கட்டாயப் பிரிப்பு 1969இல்தான் முடிந்தது. நம் நாட்டில் 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கோரும் வழி 2019இல்தான் அடைக்கப்பட்டது. மருந்து வந்து எத்தனை ஆண்டுகளுக்குப் பின் சட்டம் திருந்தியது பாருங்கள்! சட்டத்திற்குப் பின் மனம் திருந்த எத்தனை ஆண்டுகள் ஆகுமோ?

தனிக்குவளையும் தனித்தெருவும் கண்ட நாடு நம்முடையது. ஆகவே இந்தப் பாடம் நமக்குத் தொலைவானதன்று. நாட்டு நலப்பணி முகாமிற்குச் செல்லும் மாணவ நண்பர்களே, ‘நாங்கள் உங்களுக்கு உதவ வந்திருக்கிறோம்’ என்று பேச்சைத் தொடங்குவது எளிது. அந்த ‘நாங்களுக்கும்’ ‘உங்களுக்கும்’ நடுவே ஒரு பாறையும் ஒரு கடலும் இருக்கின்றன. அவற்றைக் கடந்து ‘நாம்’ என்று சொல்லவும், சொன்னபின் அதற்குரிய விலையைக் கொடுக்கவும் நாம் பழகுவோமானால், தமியானின் வாழ்க்கையைப் படித்த பயனைப் பெற்றவர் ஆவோம்.