இளையராஜா – எஸ்.பி.பி.: பிரிவும் மறுஇணைவும்

இசையமைப்பாளர் இளையராஜாவுக்கும் பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கும் 2017ஆம் ஆண்டு மார்ச் மாதம் மேடையில் பாடல்களைப் பாடும் உரிமை தொடர்பாக மனவேறுபாடு ஏற்பட்டது. 2019ஆம் ஆண்டு மே மாத இறுதியில் இருவரும் மீண்டும் இணைந்தனர். இந்தப் பிரிவும் இணைவும் தமிழ்த் திரையிசை ரசிகர்களிடையே கடுமையான கருத்துப் பிளவை உண்டாக்கின. நட்பு, பணம், சட்டம் ஆகிய மூன்றும் ஒன்றாகப் பேசப்பட்ட விவாதம் இது. அதனால் எது எதைப் பற்றிய வாதம் என்பதைத் தனித்தனியே பார்த்தால்தான் நடந்தது விளங்கும்.

பின்னணி

இருவரின் உறவு திரைப்படத்துக்கு முன்பே தொடங்கியது. 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் எஸ்.பி.பி. மெல்லிசைக் குழு ஒன்றை நடத்தினார். பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்திருந்த இளையராஜாவும் அவருடைய சகோதரர்கள் பாஸ்கர், கங்கை அமரன் ஆகியோரும் அந்தக் குழுவில் வாசித்தனர். அப்போது எஸ்.பி.பி. ஏற்கெனவே அறியப்பட்ட பாடகர். அடிமைப் பெண் (1969) படத்தில் எம்.ஜி.ஆருக்காகப் பாடியிருந்தார். இளையராஜா வாய்ப்புத் தேடிக்கொண்டிருந்த வாத்தியக் கலைஞர்.

1976இல் வெளிவந்த அன்னக்கிளி இளையராஜாவின் முதல் படம். அதில் எஸ்.பி.பி. பாடவில்லை. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் இளையராஜாவின் முதன்மையான ஆண் குரலாக அவர் ஆனார். பயணங்கள் முடிவதில்லை (1982), இதய கோவில் (1985), மௌன ராகம் (1986), எஸ்.பி.பி.யே நாயகனாக நடித்த கேளடி கண்மணி (1990), தளபதி (1991) ஆகியவை இந்தக் கூட்டணியின் புகழ்பெற்ற படங்களுள் சில. எஸ்.பி.பி. பெற்ற ஆறு தேசிய விருதுகளில் இரண்டு இளையராஜா இசையமைத்த தெலுங்குப் படங்களுக்காகக் கிடைத்தவை. அவை சாகர சங்கமம் (1983), ருத்ரவீணா (1988).

2017: வக்கீல் நோட்டீஸ்

எஸ்.பி.பி. பாட வந்து ஐம்பது ஆண்டுகள் நிறைவடைந்ததை ஒட்டி, அவருடைய மகன் எஸ்.பி. சரண் உலக இசைப் பயணம் ஒன்றை ஏற்பாடு செய்தார். 2016 ஆகஸ்டில் கனடாவின் டொராண்டோவில் தொடங்கிய பயணம் பல நாடுகளில் நடந்தது. 2017 மார்ச்சில் அமெரிக்காவில் நிகழ்ச்சிகள் நடந்தபோது, இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி., சரண், பாடகி சித்ரா ஆகியோருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. தம் அனுமதியின்றித் தம் பாடல்களை அந்த மேடைகளில் பாடக்கூடாது என்பது அதன் சாரம்.

எஸ்.பி.பி. இதனை முகநூலில் தாமே வெளியிட்டார். இத்தகைய சட்டம் இருப்பது தமக்குத் தெரியாது என்றும், சட்டம் அதுவானால் அதற்குக் கட்டுப்படுவதாகவும், பிற இசையமைப்பாளர்களின் பாடல்களைக் கொண்டு நிகழ்ச்சிகளைத் தொடர்வதாகவும் எழுதினார். இதை வைத்துக் கடுமையான விவாதங்களில் இறங்க வேண்டாம் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். ஆனால் விவாதம் அந்த நாளிலிருந்தே தொடங்கிவிட்டது.

கருத்துப் பிளவு

ஒரு தரப்பு எஸ்.பி.பி.க்காகப் பேசியது. நாற்பது ஆண்டு நண்பருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதாதா, வக்கீல் நோட்டீஸ் எதற்கு என்பது அவர்களின் முதல் கேள்வி. பாடலுக்கு உயிர் கொடுத்த குரலுக்கே அந்தப் பாடலைப் பாட உரிமை இல்லையா என்பது இரண்டாவது கேள்வி. இளையராஜாவின் தம்பி கங்கை அமரனும் அண்ணனின் நடவடிக்கையை வெளிப்படையாக விமர்சித்தார்.

மறுதரப்பு இளையராஜாவின் பக்கம் நின்றது. நுழைவுச்சீட்டு விற்று நடத்தும் நிகழ்ச்சியில் பாடகருக்கும், வாத்தியக் கலைஞருக்கும், அரங்கத்துக்கும் பணம் போகிறது. பாடலை உருவாக்கியவருக்கு மட்டும் எதுவும் போகாமல் இருப்பது எப்படி நியாயம் என்று அவர்கள் கேட்டனர். இந்தியத் திரைத்துறையில் படைப்பாளிகள் நெடுங்காலமாக ராயல்டி பெறாமல் ஏமாற்றப்பட்டதையும் சுட்டிக்காட்டினர்.

இந்த இரு தரப்பும் ஒரே கேள்விக்கு எதிரெதிர் விடை சொல்லவில்லை. முதல் தரப்பு பேசியது நண்பரிடம் நடந்துகொள்ளும் முறையைப் பற்றி. இரண்டாம் தரப்பு பேசியது படைப்பாளியின் உரிமையைப் பற்றி. இளையராஜாவின் உரிமையை ஏற்றுக்கொண்டே, அவர் அதைக் கேட்ட முறையைத் தவறு என்று ஒருவர் சொல்ல முடியும். அப்படிச் சொன்னவர்களின் குரல் இரு கூச்சல்களுக்கு நடுவே எடுபடவில்லை.

பாடல் யாருக்குச் சொந்தம்?

ஒரு திரைப்படப் பாடலில் பல உரிமைகள் அடங்கியுள்ளன. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) இவற்றைத் தனித்தனியாகப் பார்க்கிறது. வரிகள் இலக்கியப் படைப்பு. அதன் ஆசிரியர் பாடலாசிரியர். மெட்டும் இசையமைப்பும் இசைப் படைப்பு. அதன் ஆசிரியர் இசையமைப்பாளர். ஒலிப்பதிவு தனியான மூன்றாவது படைப்பு; அதற்குரியவர் தயாரிப்பாளர். பாடகர் சட்டத்தின் பார்வையில் படைப்பின் ஆசிரியர் அல்லர், அவர் நிகழ்த்துநர். அவருக்கு நிகழ்த்துநர் உரிமை என்ற வேறு உரிமை உண்டு.

படத்துக்காகக் கூலி பெற்று எழுதிய, இசையமைத்த படைப்புகளுக்குத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் ஆகலாம் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால் பல பத்தாண்டுகள் பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் ஒருமுறை பெற்ற சம்பளத்தோடு நிற்க வேண்டியிருந்தது. கவிஞர் ஜாவேத் அக்தர் உள்ளிட்டோரின் தொடர் முயற்சிக்குப் பிறகு 2012இல் சட்டம் திருத்தப்பட்டது. திரையரங்குக்கு வெளியே பாடல் பயன்படும்போது கிடைக்கும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று அத்திருத்தம் கூறியது. பாடகர் போன்ற நிகழ்த்துநர்களுக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உரிமை தந்தது.

ஆகவே, "நான் பாடிய பாட்டு, நான் பாடுவேன்" என்ற வாதம் உணர்வுக்குப் பொருந்தினாலும் சட்டத்துக்குப் பொருந்தாது. கட்டணம் வாங்கும் மேடையில் ஒரு பாடலைப் பாட, வரிகளுக்கும் இசைக்கும் உரிமை வைத்திருப்பவரின் உரிமம் தேவை. முதலில் பாடியவருக்கும் இது பொருந்தும். அந்த உரிமத்தைப் பெறுவது பொதுவாக நிகழ்ச்சியை நடத்துபவரின் பொறுப்பு. அதே சமயம், "இசையமைப்பாளருக்கே முழுப் பாடலும் சொந்தம்" என்பதும் சரியல்ல. வரிகள் பாடலாசிரியருடையவை. பழைய ஒப்பந்தங்களின்படி தயாரிப்பாளரும் இசைத்தட்டு நிறுவனமும் உரிமை கோரும் வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றுள்ளன.

மாணவர்களுக்கு இங்கே ஒரு குறிப்பு பயன்படும். பள்ளி, கல்லூரி விழாவில் ஆசிரியர், மாணவர், பெற்றோர் முன்னிலையில் பாடுவதற்கும், கட்டணம் செலுத்தாத பார்வையாளர் முன் பொழுதுபோக்குக் கலைஞர்கள் பாடுவதற்கும், திருமணம், சமயச் சடங்குகளில் பாடுவதற்கும் சட்டத்தில் விலக்கு உண்டு. 2017இல் பலர் அஞ்சியதுபோல, கோயில் விழாவிலோ கல்யாண வீட்டிலோ பாடும் சிறிய கலைஞரை நோக்கி இந்தச் சட்டம் எழுதப்படவில்லை.

2019: மறுஇணைவு

2019 ஜூன் 2 அன்று, இளையராஜாவின் பிறந்தநாளில், திரையிசைக் கலைஞர்கள் சங்கத்துக்கு நிதி திரட்டச் சென்னையில் ஓர் இசை நிகழ்ச்சி ஏற்பாடானது. அதற்கான ஒத்திகைக்கு மே மாத இறுதியில் எஸ்.பி.பி. வந்தார். இருவரும் கட்டித் தழுவிக்கொண்ட படம் ஒரே நாளில் எங்கும் பரவியது. நிகழ்ச்சியில் எஸ்.பி.பி.யும் கே.ஜே. யேசுதாசும் பாடினர். பின்னர் இளையராஜா இசையமைத்த தமிழரசன் படத்துக்காகவும் எஸ்.பி.பி. பாடினார்.

பெரும்பாலோர் மகிழ்ந்தனர். ஆனால் இணைவும் கேள்விகளுக்குத் தப்பவில்லை. நிகழ்ச்சிக்குக் கூட்டம் சேர்க்கத்தான் இந்தச் சமரசம் என்று சிலர் ஐயுற்றனர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருவருக்காக மற்றவரைத் திட்டித் தீர்த்தவர்கள், இருவரும் சேர்ந்த பிறகு என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றனர். யார் சரி, யார் தவறு என்று இருவருமே பொதுவில் தீர்ப்புச் சொல்லவில்லை.

நட்பு மீண்டது, உரிமைக் கேள்வி அப்படியே இருந்தது. இளையராஜா தம் கோரிக்கையைக் கைவிடவில்லை. குணா (1991) படப் பாடலைப் பயன்படுத்தியதற்காக மஞ்ஞும்மல் பாய்ஸ் படக்குழுவுக்கு 2024இல் அவர் தரப்பு நோட்டீஸ் அனுப்பியது. 2017இன் அதே வாதங்கள் மீண்டும் எழுந்தன.

பிற இணைவுகளுடன் ஒப்பீடு

தமிழ்த் திரையிசையில் இதற்கு முன்னோடியான மறுஇணைவு விஸ்வநாதன்–ராமமூர்த்தி இணையுடையது. 1952 முதல் ஒன்றாக இசையமைத்த இவர்கள் 1965இல், ஆயிரத்தில் ஒருவன் படத்துக்குப் பின் பிரிந்தனர். முப்பது ஆண்டுகள் கழித்து எங்கிருந்தோ வந்தான் (1995) படத்துக்காகச் சேர்ந்தனர். ரசிகர்கள் ஆவலோடு கேட்டாலும், அப்பாடல்கள் பழையவற்றைப் போல் நிலைக்கவில்லை. பிரிந்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்க முடியாது என்பதற்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. எனினும் அந்தச் சேர்க்கை வீணாகவில்லை. 2012இல் தமிழக அரசு இருவரையும் ஒரே மேடையில் சிறப்பித்தபோது, இணையாகவே அவர்கள் நின்றனர்.

சேராமலே போன கூட்டணியும் உண்டு. நிழல்கள் (1980) படத்தில் இளையராஜா இசையில் அறிமுகமான வைரமுத்து, புன்னகை மன்னன் (1986) படத்துக்குப் பிறகு அவருடன் பணியாற்றவில்லை. அவர்கள் சேரவேண்டும் என்போரும், அந்த ஆறு ஆண்டுப் பாடல்கள் அப்படியே இருக்கட்டும் என்போரும் இன்றும் உள்ளனர்.

மேலை நாட்டில் ஒயாசிஸ் இசைக்குழுவின் கதை இதை ஒத்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த நோயல், லியம் கல்லாகர் சகோதரர்களின் சண்டையால் 2009 ஆகஸ்டில் குழு உடைந்தது. 2024 ஆகஸ்டில் மறுஇணைவு அறிவிக்கப்பட்டு, 2025 ஜூலை 4 அன்று கார்டிஃப் நகரில் முதல் நிகழ்ச்சி நடந்தது. ரசிகர்கள் கொண்டாடினர். ஆனால் நுழைவுச்சீட்டு விலை விற்பனையின்போதே ஏறியதால், இது பாசமா பணமா என்ற கேள்வியும் எழுந்தது. புதிய பாடல் இல்லாத இணைவு வெறும் பழைய நினைவு வியாபாரம் என்ற விமர்சனமும் வந்தது.

திருவண்ணாமலையில் மோட்ச தீபம்

2020 ஆகஸ்ட் மாதம் எஸ்.பி.பி. கொரோனா தொற்றால் சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அப்போது இளையராஜா வெளியிட்ட காணொளியில், பாலு என்று பெயர் சொல்லி அழைத்து, மீண்டு வருமாறு கேட்டார். சண்டை இருந்தபோதும் இல்லாதபோதும் நட்பு நட்பாகவே இருந்தது என்ற பொருளிலும் பேசினார். செப்டம்பர் 25 அன்று எஸ்.பி.பி. காலமானார். மறுநாள் தாமரைப்பாக்கத்தில் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார்.

இளையராஜா ரமண மகரிஷியின் அடியவர். ரமண மாலை என்னும் பக்திப் பாடல் தொகுப்பை உருவாக்கியவர். திருவண்ணாமலைக்கு அடிக்கடி வருபவர். எஸ்.பி.பி. மறைந்ததை அடுத்து அவர் திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலில் மோட்ச தீபம் ஏற்றினார். இறந்தவரின் ஆன்மா நற்கதி அடைய வேண்டி, அவருக்கு நெருக்கமானவர்கள் கோயிலில் ஏற்றும் விளக்கு இது. பஞ்சபூதத் தலங்களுள் அக்னித் தலமாகிய திருவண்ணாமலையில் விளக்கேற்றுவதைப் பக்தர்கள் சிறப்பாகக் கருதுகின்றனர்.

மதிப்பீடு

இருவருக்கும் இடையிலான விலகல் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். இணைந்த பிறகு எஸ்.பி.பி. வாழ்ந்தது பதினாறு மாதங்கள். 2019இல் அந்த ஒத்திகைக்கு அவர் வராமல் இருந்திருந்தால், ஐம்பது ஆண்டு உறவு ஒரு நோட்டீஸோடு முடிந்ததாகவே நினைவில் நின்றிருக்கும். அந்த இணைவின் பயனை அளக்க இது ஒன்றே போதும்.

ஆனால் இணைவைக் காரணம் காட்டி, 2017இல் எழுந்த கேள்வி தேவையற்றது என்று சொல்வதும் பிழை. பாடலை எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், பணம் போட்டவர் ஆகியோருக்கு வருவாயில் என்ன பங்கு என்பது சட்டமும் ஒப்பந்தமும் தீர்க்க வேண்டிய கணக்கு. நண்பர்கள் கட்டித் தழுவிக்கொள்வதால் அது தீராது. அதுபோலவே, சட்டத்தில் யார் வென்றாலும் நட்பில் ஏற்பட்ட விரிசல் அதனால் ஆறிவிடாது.